ஓய்வு நாளிலும் ஓயாத தோள்

நான் படித்தது மூன்றாம் வகுப்புவரைதான். அதிலும் பாதி நாள் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள். ஆனாலும் எங்கள் ஊரில் அண்ணாந்து பார்க்கிற கட்டடங்களில் பாதிக்கு மேல் நான் வண்ணம் பூசியவை. உப்புத்தாள் தேய்க்கிற கூலியாகச் சேர்ந்து பெயிண்ட் காண்ட்ராக்டர் என்று போர்டு மாட்டுகிற வரைக்கும் யாரும் என்னைக் கைதூக்கி விட்டதில்லை. நானே சாரம் கட்டினேன், நானே ஏறினேன். ஒரு மனிதரைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்றுதான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுதப்போவது என்னைப் பற்றி இல்லை, என் மருமகனைப் பற்றி. என்னைப் பற்றி எழுதினால் ஒரு புத்தகம் போதாது.

மருமகனுக்கு இரண்டு வேலை. வாரம் முழுக்க என்னிடம் பெயிண்டர். வார இறுதியில் எங்கள் பகுதித் தொழிலாளர் அணிக்குப் பேஸ்பால் வீச்சாளர். பேஸ்பால் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கிரிக்கெட்டில் ஓடிவந்து பந்து போடுவார்கள். இதில் ஓட்டம் கிடையாது. ஒரு சின்ன மண்மேட்டில் நின்ற இடத்திலேயே ஒரு காலைத் தூக்கி, உடம்பை ஈரத்துணி பிழிகிற மாதிரி முறுக்கி, அந்த முறுக்கு முழுவதையும் கை வழியாக வெளியே விட வேண்டும். பந்து பறந்துவிடும். அதற்கப்புறம் கை என்ன ஆகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை.

அவர் என்னிடம் வேலைக்கு வந்தபோது பேச்சே கிடையாது. முதல் நாள் பட்டி பார்த்த சுவரைத் துடைத்துவிட்டு, ஈர ஸ்பாஞ்சை அறையின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடியில் இருந்த வாளிக்குள் எறிந்தார். விளிம்பில்கூடப் படவில்லை. "இன்னொரு தடவை போடு பாக்கலாம்" என்றேன். போட்டார். "கண்ணை மூடிக்கிட்டு?" என்றேன். அதையும் போட்டார், ஆனால் என் சட்டையில். ஆளை எடைபோடுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இவன்தான் என் வீட்டு மருமகன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். என் மகள் அதற்கு ஒரு மாதம் முன்பே முடிவு செய்துவிட்டாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவருடைய சீலிங் வேலையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. சீலிங் அடிப்பது எல்லோருக்கும் வருகிற வேலை இல்லை. கழுத்தை மடித்து, கையை உயர்த்தி, காயும் முன்னே அடுத்த வரிசையைச் சேர்க்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் ரோலர் கோடு தெரிந்துவிடும். மாப்பிள்ளை அடித்த சீலிங்கில் விளக்குப் போட்டுத் தேடினாலும் கோடு கிடைக்காது. வீட்டுக்காரர்கள் என் பெயரைச் சொல்லி வருவார்கள், அவருடைய கையைச் சொல்லிப் போவார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. கையும் என் வீட்டுக் கைதானே.

அணியில் அவர் சேர்ந்ததும், உடம்பைத் தேற்ற வேண்டும் என்று என் கிடங்கின் பின்பக்கத்தை ஒழித்துக் கொடுத்தேன். இரும்பு வாங்குகிற ஆள் நான் இல்லை. பழைய பெயிண்ட் டப்பாக்களில் சிமெண்ட் குழைத்து ஊற்றி, நடுவில் குழாயைச் சொருகி, எல்லா எடையிலும் நானே வார்த்துக் கொடுத்தேன். ஒரு பெஞ்சும் அடித்துக் கொடுத்தேன். மல்லாந்து படுத்து நெஞ்சுக்கு மேலே தூக்குவார். நெஞ்சு நிமிர்ந்தது, சட்டைப் பொத்தான் தெறித்தது, பந்தின் வேகமும் ஏறியது. பந்தைப் பிடிக்கிற கேட்சர், நாங்கள் 'கோந்து' என்று கூப்பிடுகிறவன், உள்ளங்கையை ஊதிக்கொண்டே வருவான். "பெரியப்பா, உங்க சிமெண்டு எனக்குத்தான் வலிக்குது" என்பான்.

பிறகு ஒரு நாள் மாப்பிள்ளைக்கே வலித்தது. யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாததற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் அணியில் ஒரு வழக்கம். ஆட்டம் நடக்கும்போது வீச்சாளரிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது. பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் உட்காரக் கூடாது. தண்ணீர்ப் பாட்டிலைக்கூடச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு நகர வேண்டும். பேசினால் கை கெட்டுவிடும் என்று நம்பிக்கை. கை எப்படி இருக்கிறது என்று கேட்பதோ, அவர் கண்முன்னே வேறொருவர் தோளைப் பிடித்துவிடுவதோ இன்னும் பெரிய குற்றம். ஆட்ட நாளில் தொடங்கிய இந்த வழக்கம் மெல்ல மெல்ல மற்ற நாளுக்கும் வந்துவிட்டது. கேட்கவும் ஆளில்லை, சொல்லவும் வாயில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் அணி பழகுகிற விளையாட்டு அரங்கத்துக்கு ஒரு பெண் உடற்பயிற்சியாளராக வந்து சேர்ந்தாள். படித்தவள். குரல் சன்னம், கை உரம். எங்கள் அணி ஆட்களை ஒவ்வொருவராக ஒற்றைக் காலில் நிற்க வைத்தாள், குந்த வைத்தாள், முதுகைத் தட்டிப் பார்த்தாள். மாப்பிள்ளையின் முதுகில் கை வைத்ததும் நின்றுவிட்டாள். மறுநாள் என் கிடங்குக்கே வந்து சிமெண்ட் டப்பாக்களைப் பார்த்தாள்.

"இதெல்லாம் யார் வார்த்தது ஐயா?"

"நான்தாம்மா. உறுதி எப்படி?"

"உறுதிக்குக் குறையில்ல. ஆனா எல்லாமே ஒரு பக்கம் கனம் கூட, ஒரு பக்கம் குறைச்சல். உங்க மாப்பிள்ளையும் இதே மாதிரி கோணலாத்தான் நிக்கிறாரு."

எனக்குச் சுருக்கென்றது. "ஏம்மா, நெஞ்சைப் பாரு, கதவு மாதிரி இருக்கு."

"அதான் சிக்கலே. முன்னால கதவு, பின்னால வெறும் திரைச்சீலை. பந்து கையை விட்டுப் போயிடும் ஐயா. அந்த வேகத்துல போற கையை யாராவது பிடிச்சு நிறுத்தணும் இல்ல? முதுகுல, தோளுக்குப் பின்னால இருக்கற சின்னச் சின்னத் தசைங்கதான் நிறுத்தும். அதுங்க பாவம், ஒல்லிப்பிச்சானா இருக்கு. லாரி இன்ஜினுக்கு சைக்கிள் பிரேக் போட்ட கதை."

லாரி என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரியும்படி சொல்லத் தெரிந்தவள் என்றால் அவளும் லேசுப்பட்ட ஆள் இல்லை.

மாப்பிள்ளைக்குப் புதுப் பயிற்சி தொடங்கியது. ரப்பர் பட்டையைக் கதவுப்பிடியில் கட்டி, முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் சுருட்டிய துண்டை இடுக்கி, கையை மெதுவாக வெளியே திருப்ப வேண்டும். துண்டு கீழே விழக் கூடாது. பார்க்கக் குழந்தை விளையாட்டுப் போல இருக்கும். நான் செய்துபார்த்து, மறுநாள் சீப்பைத் தலைவரைக்கும் கொண்டுபோக முடியாமல் திண்டாடினேன். அப்புறம் குனிந்து எடையைப் பின்னுக்கு இழுப்பது, ஒற்றைக்காலில் குந்தி எழுவது, இடுப்பைத் திருப்பிக் கனமான பந்தைச் சுவரில் எறிவது. "பந்தை வீசறது காலும் இடுப்பும். கை கடைசியில வந்து கையெழுத்து போடுது, அவ்வளவுதான்" என்பாள். என் சிமெண்ட் டப்பாக்களையும் அவள் ஒதுக்கவில்லை. இரண்டு பக்கமும் எடை சரிபார்த்துக் கொடுக்கச் சொல்லிக் குந்தி எழ அதையே வைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை ஒரு நாளும் தவறவில்லை. என் மகள்தான் அலுத்துக்கொள்வாள். "அப்பா, இவரு இழுக்கிற இழுப்புல கதவு ஒருநாள் கையோட வந்துரும். அப்புறம் நீங்கதான் வாசல்ல படுக்கணும்."

ஆட்டத்தில் இத்தனை பந்துக்கு மேல் வீசக் கூடாது, வீசினால் இத்தனை நாள் ஓய்வு என்று அந்தப் பெண் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தாள். அதையும் மாப்பிள்ளை வேதவாக்காக நடத்தினார். ஓய்வு நாளில் பந்து இருக்கிற பையைக்கூடத் தொடமாட்டார். ஆனாலும் வலி போகவில்லை. முதுகுத் தசை ஏறியது, வலி இறங்கவில்லை. மருத்துவரிடம் படம் எடுத்தார்கள். தோளுக்குள் தசைநார் நைந்திருக்கிறது, கிழியவில்லை, ஆனால் இப்படியே போனால் கிழியும் என்றார். கிழிந்தால் பந்தும் போச்சு, பிரஷ்ஷும் போச்சு. கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாத பெயிண்டர் சீலிங் இல்லாத வீட்டைத்தான் தேட வேண்டும்.

பயிற்சியாளருக்குச் சந்தேகம் வந்தது. "என்கிட்ட மறைச்சு எங்கயாவது பந்து போடறீங்களா?" என்று நேராகவே கேட்டாள். மாப்பிள்ளை முகம் செத்துப்போனது. "என் பொண்டாட்டி மேல சத்தியமா இல்ல மேடம்" என்றார். பக்கத்தில் நின்ற என் மகள், "சத்தியத்துக்கு மட்டும் நான் வேணும்" என்றாள்.

விடை என் காண்ட்ராக்டிலேயே இருந்தது. அந்த விளையாட்டு அரங்கத்துக்கே வண்ணம் பூசும் வேலை எனக்குக் கிடைத்தது. எத்தனையோ பேர் போட்டி போட்டார்கள், கடைசியில் என்னிடம்தான் வந்தது. நடைபாதை முழுக்கப் பலகை போட்டு, மாப்பிள்ளை மேலே நின்று சீலிங் அடித்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து இறங்கவில்லை. அந்த வழியாகக் கையில் சாவிக்கொத்தோடு வந்த பயிற்சியாளர் அண்ணாந்து பார்த்தாள்.

"நீங்களா? இங்க என்ன பண்றீங்க?"

"வேலை மேடம்."

"இன்னைக்கு உங்களுக்கு ஓய்வு நாள்."

"ஆமா மேடம், ஓய்வுதான். பந்தையே தொடலையே."

அவள் தரையில் விரித்திருந்த தார்ப்பாயின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை ரோலரை நனைத்தார், கையைத் தூக்கினார், முன்னே தள்ளினார், பின்னே இழுத்தார். மறுபடி நனைத்தார். அவள் உதடு எண்ணிக்கொண்டே போனது. எண்ணி முடியாமல் விட்டுவிட்டாள். கடைசியில் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நின்றதும் அவள் கண்ணில் நீர் இருந்தது.

"ஐயா, நான் மைதானத்துல பந்தை எண்ணிக்கிட்டு இருந்தேன். இவரு கூரைக்கு வீசிக்கிட்டு இருந்திருக்காரு."

நாங்கள் யாருமே இதை யோசிக்கவில்லை. அணியில் பாதிப்பேர் கையால் பிழைக்கிறவர்கள். எங்கள் ஆட்களுக்கு விளையாட்டு என்றால் உடம்பை வருத்துவது, வேலை என்றால் வேலை. வேலையை யாராவது உடம்பை வருத்துவதில் சேர்ப்பார்களா? ஆட்டம் இல்லாத நாளெல்லாம் ஓய்வு என்றுதான் எல்லோரும் கணக்கு வைத்திருந்தோம். அந்த ஓய்வு நாள்களில் அதே கை, அதே தோள், காதுக்கு மேலே தூக்கியபடி சாயங்காலம்வரை ஓடிக்கொண்டிருந்தது.

"கை தோளைத் தாண்டிப் போற வேலை வேணாம். இறுதி ஆட்டம் வரைக்குமாவது. இல்லன்னா ஆட்டத்தை விடுங்க. ரெண்டும் சேர்ந்து இந்தத் தோள் தாங்காது" என்றாள்.

மாப்பிள்ளைக்கு இரண்டும் உயிர். அந்த ஆண்டு எங்கள் அணி முதல் தடவையாகக் கோப்பையை நெருங்கியிருந்தது. சீலிங்கோ அவருடைய கௌரவம். இரண்டு நாள் சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்தார். என் மகள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் தட்டை நகர்த்திவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

"அப்பாவுக்கும் கேப்டனுக்கும் ஒரே கையைக் குத்தகைக்கு விட்டுட்டீங்க. வீட்டுக்குன்னு என்ன மிச்சம்? நேத்து மேல் அலமாரிலேருந்து பெரிய பாத்திரத்தை எடுத்துக் குடுங்கன்னேன். இடது கையால எடுத்தீங்க. நான் பாக்கலன்னு நினைச்சீங்களா?"

மாப்பிள்ளை தலை குனிந்தார். பிறகு என்னைப் பார்த்து, "மாமா, சீலிங்க வேற யாருக்காவது குடுத்துருங்க" என்றார். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வர எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும் என்று தொழில் தெரிந்த எனக்குத் தெரியும். "குடுத்துட்டேன் போங்க" என்றேன். நான் ஒரு முடிவெடுத்தால் இழுத்தடிக்கிற பழக்கம் கிடையாது.

சீலிங் 'சொட்டு' என்று நாங்கள் கூப்பிடும் ஆளுக்குப் போனது. பெயருக்கு ஏற்ற கை. மாப்பிள்ளை கீழே நின்று, கை தோளைத் தாண்டாதபடி நீளக் கம்பில் ரோலரை மாட்டி, சுவரைப் பாதி நேரம் இடது கையால் அடிப்பார். மேலிருந்து தொப்பியில் டப் டப் என்று விழும்.

"ஏய் சொட்டு, சீலிங்குக்கு அடிக்கிறியா, எனக்கு அடிக்கிறியா?"

"உங்களுக்கு பிரைமர் மட்டும்தாண்ணே. அடுத்த கோட்டிங் நாளைக்கு."

சொட்டு அடித்த இடத்தில் ரோலர் கோடு வயல் வரப்பு மாதிரி தெரியும். மாப்பிள்ளை அதை அண்ணாந்து பார்ப்பார், பல்லைக் கடிப்பார், குனிந்துகொள்வார். ஆனால் தோள் தேறியது. வலி முதலில் இரவில் போனது, பிறகு காலையில் போனது, பிறகு வீசும்போதும் போனது. பின்பக்கத் தசை துணிக்கு மேலேயே தெரிந்தது. பந்து பழைய வேகத்தில் வந்தது. கோந்து மறுபடி உள்ளங்கையை ஊதத் தொடங்கினான்.

இறுதி ஆட்டம் கிடங்குத் தொழிலாளர் அணியோடு. எல்லாரும் லாரியில் மூட்டை ஏற்றுகிறவர்கள், ஒவ்வொருவரும் ஒரு கதவு. மாப்பிள்ளை அவர்களைப் பொம்மை மாதிரி ஆட்டிவைத்தார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் அது என் மருமகன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கோப்பை வந்தால் பார்வையாளர் மேடை முழுவதற்கும் இலவசமாக வண்ணம் பூசித் தருகிறேன் என்றும் அறிவித்துவிட்டேன். கடைசி இன்னிங்ஸ் வந்தபோது நாங்கள் ஒரே ஒரு ஓட்டம் முன்னிலை. ஒருவர் அவுட். இன்னும் இரண்டு பேர் அவுட்டானால் கோப்பை. ஆனால் அவர்களுடைய ஆட்கள் இரண்டு பேர் தளங்களில், அதாவது ஓட்டத்துக்குப் பாதி வழியில், நின்றார்கள்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் முழங்கையைப் பார்த்தேன். கொஞ்சமாக, மிகக் கொஞ்சமாகத் தாழ்ந்திருந்தது. சாயங்காலம் ஆனால் பெயிண்டர்களுக்கு முழங்கை அப்படித்தான் இறங்கும். என் பக்கத்தில் இருந்தவர்கள் பந்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். பந்து இன்னும் நன்றாகத்தான் போனது. வழக்கப்படி அணியில் யாரும் அவரிடம் வாய் திறக்கவில்லை. இன்னும் வீசலாம், ஜெயிக்கலாம் என்று மைதானம் முழுக்க நினைத்தது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மாப்பிள்ளை தானே கையை உயர்த்தி, பஸ் ஓட்டுநரான கேப்டனை மேட்டுக்குக் கூப்பிட்டார். அங்கே நடந்த பேச்சைக் கோந்து எனக்கு வார்த்தை மாறாமல் சொன்னான்.

"என்னய்யா?"

"தோள் போதும்ங்குது கேப்டன்."

"வலிக்குதா?"

"இன்னும் இல்ல. வரப்போகுது. கை இறங்குது, எனக்குத் தெரியுது."

"ரெண்டே ஆளுய்யா. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போட்டுரு."

"பல்லால வீசறதா இருந்தா போட்டுருவேன்."

கேப்டன் சிரிக்கவில்லை. "இப்ப இறங்கிப் போனா ஊரு என்ன பேசும்னு தெரியும்ல?"

"தெரியும் கேப்டன். எனக்கும் இங்கேருந்து இறங்க மனசில்ல."

சொல்லிவிட்டு, மாற்று வீச்சாளரான தையல்காரரின் கையில் பந்தை வைத்தார். வைத்த பிறகும் கொஞ்ச நேரம் பந்தின் மேலேயே கை இருந்ததாம்.

தையல்காரர் நல்ல மனிதர். முதல் இரண்டு பந்தும் தரையில் விழுந்தன. மூன்றாவது பந்தை மூட்டைக்காரன் ஒருவன் வெளுத்துவிட்டான். தளங்களில் நின்ற இருவரும் ஓடிவந்து சேர்ந்துவிட்டார்கள், ஆளுக்கொரு ஓட்டம். ஆட்டம் முடிந்தது. கோப்பை போனது.

எனக்குப் பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "பெயிண்டருக்குப் பெயிண்ட் தீந்துபோச்சுடோய்!"

எனக்கும் கோப்பை வேண்டியிருந்தது. ஆனால் என் வீட்டு ஆளைப் பற்றி என் காதுபடப் பேசுகிற துணிச்சல் இதுவரை ஒருவனுக்கும் வந்ததில்லை. திரும்பினேன். "தீரலடா. மூடி போட்டு வச்சிருக்கோம். தொறந்து வச்சா காஞ்சுபோகும், தெரியுமா? வீட்ல டப்பா இருந்தா போய்ப் பாரு." அவன் உட்கார்ந்துவிட்டான்.

திரும்பிவரும் பஸ்ஸில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் தையல்காரர் ஒருவர்தான் உட்கார்ந்தார். "நீங்க நின்னிருந்தா ஜெயிச்சிருப்போம்ணே" என்றார். மாப்பிள்ளை, "ஜெயிச்சிருக்கலாம்" என்றார். பொய் சொல்லித் தேற்றுகிற ஆள் அவர் இல்லை.

மறுநாள் காலையில் அரங்கத்துக்குப் போனோம், நானும் மகளும் அவரும். பயிற்சியாளர் அவரை நிற்க வைத்து, கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொன்னாள். "கீழ அமுக்கறேன், விடாதீங்க." ஒரு கையால் அமுக்கினாள், பிறகு இரண்டு கையால். அவள் குதிகால் தரையை விட்டு எழும்பியது. மாப்பிள்ளையின் கை இறங்கவில்லை. திருப்பிப் பார்த்தாள், பின்னால் மடக்கிப் பார்த்தாள், காதுவரை தூக்கிப் பார்த்தாள். என் மகள் சேலை நுனியை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வலி?"

"இல்ல மேடம்."

"நல்லா இருக்கு. நேத்து இன்னும் வீசியிருந்தா இப்படிச் சொல்லியிருப்பேனான்னு தெரியாது. அடுத்த சீசனுக்கு வாங்க."

மாப்பிள்ளை சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அதே தோள்தான். நாங்கள் யாரும் தேற்றப் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் துண்டை எடுத்தார்.

"மேடம், காலுக்காவது ஏதாவது குடுங்க. சும்மா உக்கார முடியல."

"இன்னைக்குச் சும்மா உக்காருறதுதான் பயிற்சி."

உட்கார்ந்தார். முழங்காலை ஆட்டினார், நிறுத்தினார், விரலைச் சொடுக்கினார், நிறுத்தினார், கையை மடியில் வைத்துக்கொண்டார். நான் வெயிலில் சாரத்தில் தொங்கியவன், எத்தனையோ உழைப்பாளிகளை வைத்து வேலை வாங்கியவன். சும்மா இருப்பதற்கு அவ்வளவு பாடுபட்ட மனிதரை நான் பார்த்ததே இல்லை. என் மகள் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் வேலைக்குக் கிளம்பினேன்.